குளோப் டீச்சர் விட்ட லீவு

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் குளோப் டீச்சர். பாடம் புவியியல். எந்த வகுப்புக்குப் போனாலும் ஒரு பிளாஸ்டிக் உலக உருண்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவார். பெயர் வந்தது அதனால்தான் என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் உருண்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வெறுங்கையோடு வந்தபோதும் வராந்தாவில் யாரோ "குளோப் வருது" என்று கிசுகிசுத்தார்கள். அன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று பார்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்குக் கூர்மையான கண் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில், இருபத்தாறு வருடம் சாக்பீஸ் தூளைச் சுவாசித்த பிறகு, அவர் அந்தப் பள்ளியின் கணினிவழிக் கற்பித்தல் பொறுப்பாசிரியர் ஆனார். அவருடைய திறமையைப் பார்த்துக் கொடுத்த பதவி என்று வெளியில் பேச்சு. உண்மையில் அது ஒரு படிவத்தால் வந்த வினை.

கல்வி அலுவலகத்திலிருந்து எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு படிவம் வந்திருந்தது. கணினியில் பாடம் தயாரிப்பீர்களா, இணையத்தில் கிடைக்கும் தகவலைச் சரிபார்ப்பீர்களா என்று இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். பொருத்தமானதை வட்டமிட வேண்டும். காலமெல்லாம் ரேங்க் போட்டே பழகிய கை அல்லவா, ஒன்று என்றால் முதல் ரேங்க் என்று எடுத்துக்கொண்டது. நமக்கு எதற்கு முதல் ரேங்க் என்று மிகுந்த அடக்கத்தோடு இருபது இடத்திலும் ஐந்தை வட்டமிட்டார். அடியில் பொடி எழுத்தில் "ஐந்து: மிகச் சிறப்பு" என்று அச்சடித்திருந்தது. அதைப் படிப்பதற்கான கண்ணாடி அப்போது கைப்பைக்குள் இருந்தது.

பத்து நாளில் உத்தரவு வந்துவிட்டது. கூடவே சுவரளவு தொடுதிரை ஒன்றும் பத்து டேப்லெட்டுகளும். பள்ளியின் பெற்றோர் குரூப்புகள் பத்தையும் அவர் ஃபோனில் சேர்த்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆசிரியர் அறையில் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். கை தட்டிய பிறகு இல்லை என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை.

முதல் பாடத்துக்கு மூன்று வாரம் உழைத்தார். ஆறுகள் என்ற தலைப்பில் அறுபத்து நான்கு ஸ்லைடுகள். எழுத்துகளைப் பறக்க வைக்க முடியும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்குக் கை நிற்கவில்லை. சில எழுத்துகள் மேலிருந்து குதித்தன, சில சுழன்றுகொண்டே வந்தன, ஒன்றிரண்டு வந்து சேரவே இல்லை. எட்டாம் வகுப்பு அசையாமல் உட்கார்ந்து பார்த்தது. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. முடிந்ததும், "என்ன புரிஞ்சுது, யாராவது சொல்லுங்க பார்க்கலாம்" என்றார்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "தலைப்பெல்லாம் வலது பக்கத்துலேருந்துதான் வரும் டீச்சர். ஆத்துப் பேரு மட்டும் மேலேருந்து விழும்" என்றாள். ஆறு எங்கே உற்பத்தியாகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் பறக்கும் எழுத்துகளை எல்லாம் தரையிறக்கிவிட்டு, விண்ணிலிருந்து எடுத்த படங்களைத் திரையில் போட்டார். பூமியிலிருந்து தொடங்கிக் கண்டம், ஊர், தெரு என்று இறங்கிக்கொண்டே வந்து பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியில் நின்றார். வகுப்பே பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டது. கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் பெண் ஒருத்தி உண்டு. உயரத்தை வைத்து அவளை நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இந்தப் படம் எப்ப எடுத்தது? வாசல்ல இருந்த மரத்தைப் போன வருஷமே வெட்டிட்டாங்க. இதுல இன்னும் இருக்கே."

அந்த வருடம் அந்த வகுப்பில் கேட்கப்பட்டவற்றிலேயே சிறந்த கேள்வி அதுதான். டீச்சர் அதற்கு, "பாடத்துல இருக்கிறதை மட்டும் கேளு" என்று பதில் சொல்லிவிட்டு மேலே போனார். இதை நினைத்தால் இப்போதும் தன் தலையில் தானே குட்டிக்கொள்வார்.

நாலு மாதத்தில் அவருக்கே தன்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. திரை உறைந்து நின்றால் அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்பதுதான் அவர் கற்றுக்கொண்ட மிகப் பெரிய வித்தை. அதை வைத்துக்கொண்டே மற்ற ஆசிரியர்களிடம் நிபுணர் என்று பேர் வாங்கியிருந்தார். ஆசிரியர் கூட்டத்தில், எதையும் சரிபார்க்காமல் ஃபார்வர்ட் பண்ணக் கூடாது என்று அரை மணி நேரம் பேசவும் பேசினார். அது ஒரு வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஃபோனும் கையுமாகச் சாய்ந்திருந்தபோது அவருடைய அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. கடும் புயல் எச்சரிக்கை, நாளை எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை, பேருந்துகள் ஓடாது, யாரும் வெளியே வர வேண்டாம். கூடவே முத்திரையும் கையெழுத்துமாக ஒரு கடிதத்தின் படம். அதற்குக் கீழே ஒரு காரின் மேல் மரம் விழுந்து கிடக்கும் படம்.

சரிபார்க்க வேண்டும் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை மறுக்க முடியாது. தரையில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"ஏங்க, நாளைக்குப் புயலாமே."

அவர் தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "வானம் கறுப்பாத்தான் இருக்கு."

சரிபார்ப்பு முடிந்தது. டீச்சர் அந்த மெசேஜைப் பத்து குரூப்புக்கும் அனுப்பினார். அனுப்பியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கீழே தன் சொந்தக் கையால் "உறுதிப்படுத்தப்பட்ட தகவல்" என்று சேர்த்து, பெயரும் பதவியும் போட்டார். நன்றி டீச்சர், நன்றி மேடம் என்று பதில்கள் வந்து குவிந்தன. ஊருக்கு ஒரு நல்லது செய்த நிறைவோடு ஒரு குட்டித் தூக்கம் போட்டார்.

மறுநாள் காலையில் வெயில் பளீரென்று அடித்தது. புயல் வருவதற்கு முன்னால் இப்படித்தான் இருக்கும் என்று கணவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. தலைமையாசிரியை.

"டீச்சர், எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான் மேடம். இன்னைக்கு லீவாச்சே."

"யாரு விட்டா?"

  யார் விட்டது என்று அந்த நொடியில்தான் டீச்சருக்கே உறைத்தது.

அரக்கப் பரக்கப் பள்ளிக்கு ஓடினார். நானூற்றுப் பத்துப் பிள்ளைகளில் வந்திருந்தது அறுபத்திரண்டு. எல்லாம் ஃபோனே பார்க்காத வீட்டுப் பிள்ளைகள். அன்றைக்குப் பள்ளியின் தொழில்நுட்ப வளர்ச்சியால் பாதிக்கப்படாதவர்கள் அவர்கள் மட்டும்தான். மாடிப்படியில் கணக்கு சார் எதிரே வந்தார். முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "டீச்சர், அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் ஒரு புயல் ஏற்பாடு பண்ண முடியுமா? பேப்பர் திருத்தணும்" என்றார்.

தலைமையாசிரியை சத்தம் போடவில்லை. ஃபோனை மேஜைமேல் வைத்து அந்த மெசேஜை ஒருமுறை முழுக்கப் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை டீச்சர் நின்றுகொண்டிருந்தார். வகுப்பில் தான் எத்தனை பிள்ளைகளை இப்படி நிற்க வைத்திருக்கிறோம் என்ற கணக்கு மனதில் ஓடியது.

"மேடம், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் படிவத்துல அஞ்சுன்னா அஞ்சாம் ரேங்க்னு நினைச்சுத்தான் போட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. வேற யாருக்காவது இந்தப் பொறுப்பைக் குடுத்துடுங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "கணக்கு சார் இருபதுக்கும் ஒண்ணு போட்டிருக்காரு. அவரு படிவத்தைச் சரியாப் புரிஞ்சுகிட்டுத்தான் போட்டாரு, தப்பிக்கிறதுக்கு. நீங்க புரியாம போட்டு மாட்டிக்கிட்டீங்க. என்கிட்ட இருக்கிறது நீங்கதான். போய், நடந்தது தப்புன்னு எல்லாருக்கும் எழுதுங்க. உங்க பேரைப் போட்டே எழுதுங்க."

எழுதினார். புயல் செய்தியை அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மன்னிப்பை எழுத ஒரு மணி நேரம் ஆனது. அதற்கு நன்றி டீச்சர் என்று யாரும் பதில் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் ஒரு அம்மா வராந்தாவில் காத்துக்கொண்டு நின்றார். நெட்டையின் அம்மா. துணி தைக்கும் கம்பெனியில் வேலை. மகளைப் போலவே உயரம், விரல் நுனிகளில் ஊசித் தழும்பு.

"சண்டை போட வரல டீச்சர்" என்று தொடங்கினார். "எனக்குக் கண்ணு கொஞ்ச நாளா மங்கலாத் தெரியுது. பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் காத்திருந்து நேத்திக்குத்தான் தேதி கிடைச்சிருந்துச்சு. புயல்னதும் போகல. இனி ஆறு வாரம் கழிச்சுத்தான் பார்க்க முடியும்னுட்டாங்க."

"என்னாலதான்மா. நான் என்ன சொல்றதுன்னே..."

"அதைச் சொல்லிக் காட்ட வரல. வேற யாரு அனுப்பினாலும் நான் நம்பறதில்ல. எங்க கம்பெனி குரூப்புல தினம் ஒரு புரளி வரும், தள்ளிவிட்டுட்டுப் போயிடுவேன். இதுல உங்க பேரு இருந்துச்சு. இனிமே உங்ககிட்டேருந்து வந்தா நம்பலாமா, வேண்டாமா? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

எந்த ஆய்வாளரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நம்பலாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. "ரெண்டு நாள் குடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். கடன்காரி மாதிரி பேசுகிறோமே என்று அப்போதே தோன்றியது.

அன்று முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. கிண்டலைத் தாங்கிக்கொள்ளலாம், கிண்டலில் அவருக்குப் பழக்கம் உண்டு. தன் பேரைப் பார்த்து ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நின்றாள் என்பதை எந்தச் சிரிப்பிலும் கரைக்க முடியவில்லை.

புதன்கிழமை எட்டாம் வகுப்பில் மண்ணின் வகைகள் நடத்த வேண்டும். டீச்சர் திரையைப் போட்டார். வந்தது மண் இல்லை. அவருடைய ஞாயிற்றுக்கிழமை மெசேஜ், "உறுதிப்படுத்தப்பட்ட தகவல்" என்ற வரி உட்பட, சுவரளவுக்கு. வகுப்பு முதலில் சிரிக்கலாமா என்று தயங்கியது.

"சிரிச்சுக்கோங்க" என்றார். "ரெண்டு நிமிஷம் தர்றேன். அப்புறம் வேலை இருக்கு. நான் எங்கெங்க ஏமாந்தேன்னு நீங்க கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் நாலு பேர்."

தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்த் திரைக்குப் பக்கத்தில், வகுப்பைப் பார்த்தபடி குற்றவாளி மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

முதல் அடி இரண்டே நிமிடத்தில் விழுந்தது. "டீச்சர், இந்த லெட்டர்ல ரெண்டாவது பத்தியில வியாழக்கிழமைன்னு போட்டிருக்கு. நீங்க திங்கக்கிழமைக்கு லீவு விட்டீங்க."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வியாழக்கிழமை என்றுதான் இருந்தது. அவர் அந்தப் பத்திக்குப் போகவே இல்லை. முந்நூற்றுச் சொச்சம் வீடுகளில் வேறு யாரும் போகவில்லை என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அடுத்து, காரின் நம்பர் பலகை வேறு நாட்டு எழுத்தில் இருப்பதாக ஒரு குழு சொன்னது. நெட்டை டேப்லெட்டில் எதையோ செய்துகொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து காட்டினாள். அதே கார், அதே மரம், மூன்று வருடம் முன்னால் தொலைதூர நாட்டுச் செய்தித்தாள் ஒன்றில்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"படத்தைப் போட்டே தேடலாம் டீச்சர். அது எப்ப எடுத்ததுன்னு தெரிஞ்சுடும்."

படத்தை வைத்தே படத்தைத் தேடலாம் என்பது பொறுப்பாசிரியருக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் கேட்டு தான் அமுக்கிப் போட்ட அந்த மரத்துக் கேள்வியும் கூடவே நினைவுக்கு வந்தது. "அன்னைக்கு நீ கேட்டியே, அதுக்கு நான் பதில் சொல்லியிருக்கணும்" என்றார். நெட்டை தோளைக் குலுக்கிவிட்டு, "இப்பப் பார்த்துக்கலாம் டீச்சர்" என்றாள்.

"நீங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன்."

"அவரு வானிலை ஆபீஸா டீச்சர்?"

"லிஃப்ட் மெக்கானிக்."

வகுப்பு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் முன்வரிசைப் பெண், "உங்களுக்கு அனுப்பினவங்களுக்கு யாரு அனுப்பினாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. டீச்சர் ஃபோனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அக்காவைக் கூப்பிட்டார்.

"என்னடி, ஸ்கூல் நேரத்துல?"

"அக்கா, புயல் மெசேஜ் அனுப்பினியே, அதை எதை வச்சு நம்பின?"

"நான் எங்கே நம்பினேன்?" என்றார் அக்கா. "நீதானே கம்ப்யூட்டர் டீச்சர். பொய்யா இருந்தா நீ சொல்லிடுவேன்னுதான் உனக்கு அனுப்பினேன். நீ ஒண்ணும் சொல்லல. சரி, உண்மைதான் போலன்னு அப்புறம் இன்னும் எட்டு பேருக்கு அனுப்பிவிட்டேன்."

இந்தத் தடவை வகுப்பு சிரிக்கவில்லை. நாற்பது பேரும் டீச்சரையே பார்த்தார்கள். நீ சொல்வாய் என்று அக்கா, அக்கா சொன்னாள் என்று தங்கை, டீச்சர் சொன்னார் என்று ஊர். நடுவில் ஒருவர்கூட அந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை.

அக்காவுக்கு அனுப்பியது பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண். நம்பரை வாங்கி அவளையும் கூப்பிட்டார்கள். "நான் திறந்துகூடப் பார்க்கலைங்க. நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்னு அனுப்பினேன்" என்றாள். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டதும் லைன் துண்டிக்கப்பட்டது. விசாரணை அத்தோடு நின்றது. மணியும் அடித்தது. மண்ணின் வகைகள் அடுத்த வாரத்துக்குப் போயின.

பிள்ளைகள் அந்த விசாரணையை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அடுத்த சில நாட்களில் பெற்றோர்களிடமிருந்து புகார்கள் வந்தன. ஒரு அப்பா, மூலிகை மருத்துவம் பற்றித் தான் அனுப்பிய மெசேஜுக்கு மகள் தேதி கேட்கிறாள் என்றார். இன்னொருவர், சொந்தத் தம்பியின் பிறந்தநாள் வாழ்த்தைக்கூடப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது என்றார். தலைமையாசிரியை இரண்டையும் படித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் பெற்றோருக்கும் ஒரு மணி நேரம் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார்.

நானூறு பேருக்கு அழைப்பு போனது. வந்தது பதினொரு பேர். அவர்களில் மூன்று பேர், இந்த அழைப்பாவது உண்மையா என்று பள்ளிக்கு ஃபோன் போட்டு விசாரித்துவிட்டு வந்தவர்கள். டீச்சருக்கு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முதல் வேலையாகத் தன் மெசேஜைத் திரையில் போட்டு, உரக்கப் படித்தார். வியாழக்கிழமை என்ற சொல்லில் நிறுத்தி, "இங்க வரைக்கும் நான் படிக்கவே இல்ல" என்றார். அதன் பிறகு அந்த அறையில் யாருக்கும், எனக்கு இது தெரியாது என்று சொல்லக் கூச்சம் இருக்கவில்லை. எல்லோரையும்விடத் தெரியாதவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

நெட்டையின் அம்மாவும் வந்திருந்தார். கடைசியில் எல்லோரும் கிளம்பிய பிறகு பக்கத்தில் வந்து, "ஆஸ்பத்திரியில யாராவது வராம போனா அந்த இடத்தை நெட்டுல பார்த்து எடுத்துக்கலாமாம். நீங்க போட்டுக் குடுப்பீங்களா?" என்றார். டீச்சருக்குப் பிராயச்சித்தத்துக்கு வழி கிடைத்த மாதிரி இருந்தது. தன் ஃபோனில் மருத்துவமனையின் பக்கத்தை, அதன் முகவரியை எழுத்தெழுத்தாக அடித்துத் திறந்து, பெயர், வயது எல்லாம் போட்டு, வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு இடம் பிடித்துவிட்டார். வெற்றி வீரர் மாதிரி நிமிர்ந்தார்.

அந்த அம்மா அவசரப்படவில்லை. ஃபோனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். தையலில் ஒரு நூல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"டீச்சர்."

"என்னம்மா?"

"இது எலும்பு டாக்டரு."

டீச்சர் பார்த்தார். எலும்பு மூட்டுப் பிரிவுதான். பட்டியலில் ஒரு வரி தள்ளி அழுத்தியிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாதான் முதலில் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. சிரித்து முடித்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நகருங்க, நான் அழுத்தறேன். நீங்க பக்கத்துல இருந்து பாருங்க" என்றார்.